மகப்பேறின்மை வினைப்பயனா?

சென்ற மாதம் ஒரு ஞாயிறன்று, திரிசரணமும் பஞ்சசீலமும் ஓதி முடித்து அனைவரும் கலைந்துகொண்டிருந்த வேளையில், மூத்த அம்மையார் ஒருவர் தம் மருமகளைக் கைப்பிடித்து அழைத்துவந்து என்முன் நிறுத்தினார். "ஐயா, இவளுக்குத் திருமணமாகி மூன்று ஆண்டுகள் முடிந்துவிட்டன. வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. அங்குலிமால பரித்தம் ஓதி ஒரு நூல் கட்டிவிடுங்கள். போன பிறவியில் என்ன பாவம் செய்தாளோ, அது தொலையட்டும்" என்றார். மருமகள் தலை நிமிரவில்லை. அவளுடைய கணவரோ வாயிலுக்கு வெளியே தம் வண்டியின்மேல் அமர்ந்து கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்தப் பேச்சு தமக்குரியதன்று என்பது அவர் எண்ணம் போலும்.

நூல் கேட்டதில் எனக்கு வருத்தமில்லை. அங்குலிமால பரித்தம் கருவுற்ற தாயும் சேயும் நலமாகப் பிழைக்கவேண்டும் என்று ஓதப்படுவது. பேறுகால வேதனையில் துடித்த ஒரு பெண்ணைக் கண்டு மனமிரங்கிய அங்குலிமாலர், பகவன் சொற்படி அவளுக்கு நலம் வேண்டிய வரலாறு மஜ்ஜிம நிகாயத்தில் உளது. கருவுறுவதற்கென்று அதனை ஓதுதல் நம்மவர் பிற்காலத்தில் சேர்த்துக்கொண்ட வழக்கம். அது கிடக்கட்டும். என்னைத் தைத்தது "பாவம்" என்ற சொல்லே.

அன்பர்களே, அச்சொல் நமக்குப் புதியதா? சேரியிற் பிறந்தது முற்பிறவிப் பாவம் என்று நம் பாட்டன்மாரிடம் சொல்லப்பட்டது. ஊர்க்கிணற்றில் நீர் மொள்ளலாகாது என்பதற்கும், பள்ளியில் உள்ளே அமரலாகாது என்பதற்கும் அப்பாவமே காரணமாகக் காட்டப்பட்டது. அப்பொய்யை உதறித் தள்ளவன்றோ 1898இல் பண்டித அயோத்திதாசர் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தைக் கண்டார்; 1956 அக்டோபர் 14இல் பாபாசாகேப் அம்பேத்கர் நாகபுரியில் இலட்சக்கணக்கானோருடன் தம்மத்தைத் தழுவினார்! அவர் மறைவுக்குப் பின் 1957இல் வெளிவந்த 'புத்தரும் அவர் தம்மமும்' என்னும் நூலில், முற்பிறவி வினையைக் காட்டி இப்பிறவியின் இழிவை நியாயப்படுத்தும் கொள்கையை அவர் கூர்ந்து ஆராய்ந்து மறுத்திருப்பதை நம்மிற் பலர் படித்திருக்கிறோம். ஆயினும் என்ன செய்கிறோம்? தெருவாசலில் தூக்கியெறிந்த அதே கொள்கையைக் கொல்லைப்புற வழியே மீண்டும் கொண்டுவந்து, அடுப்பங்கரையில் நிற்கும் மருமகளின் தலையில் ஏற்றுகிறோம். நமக்கு ஆகாத நியாயம் அவளுக்கு மட்டும் ஆகுமோ?

பகவன் இராசகிருகத்தில் தங்கியிருந்தபோது மோலிய சீவகன் என்னும் பரிவிராசகன் வந்து ஒரு கேள்வி கேட்டான். மனிதன் துய்க்கும் இன்ப துன்பம் அனைத்தும் முன்செய் வினையாலேயே வருவன என்று சிலர் கூறுகின்றனரே, தங்கள் கருத்து யாது என்பது அவன் வினா. பகவன் அதனை ஏற்கவில்லை. பித்தம், சிலேத்துமம், வாதம், இம்மூன்றின் கூட்டு, பருவமாற்றம், உடலைத் தகாத முறையில் பேணல், பிறரால் நேரும் தாக்குதல், இறுதியாக வினை என எட்டுக் காரணங்களை எடுத்துரைத்தார். அனைத்தும் வினையே என்போர், தாமே கண்டறியக்கூடியதையும் உலகம் உண்மையென ஏற்றதையும் கடந்து பேசுகின்றனர் என்றார். சங்யுத்த நிகாயத்தில் இது காணப்படும்.

எட்டில் வினையும் ஒன்றாக நிற்கிறதே என்று சிலர் என்னிடம் வாதிடுவர். நிற்கிறது, மறைக்க வேண்டுவதில்லை. ஆனால் இந்தப் பெண்ணுக்கு நேர்ந்தது அந்த எட்டாவது காரணத்தால்தான் என்று கண்டவர் யார்? மாமியார் கண்டாரா, அண்டை வீட்டார் கண்டனரா, பிரசாரகனாகிய நான் கண்டேனா? மற்ற ஏழும் உடலையும் சூழலையும் பற்றியன, ஆராய்ந்தால் தெரியக்கூடியன. தெரியக்கூடியவற்றை ஆராயாமல் விட்டுவிட்டுத் தெரியமுடியாத ஒன்றின்மேல் தீர்ப்புச் சொல்வதுதான் இங்கே நடைபெறும் குற்றம். நோயாளியை விசாரிக்காமலே மருந்து எழுதும் வைத்தியனை நாம் மன்னிப்போமா? அயோத்திதாசர் சித்த வைத்தியர் என்பதை நினைவிற் கொள்க.

"அரச மரத்தைச் சுற்றிவிட்டு அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தாளாம்" என்று தமிழில் ஒரு பழமொழி வழங்குகிறது. அவசரக்காரரை எள்ளுவதற்கு அதனைச் சொல்வர். அரசமரம் யாது? நமக்கு அது போதி. காரணத்தால் காரியம் தோன்றுகிறது, காரணம் நீங்கின் காரியமும் நீங்குகிறது என்னும் பேருண்மையை ஒரு மனிதர் எந்த மரத்தடியில் அமர்ந்து கண்டாரோ, அந்த மரத்தின் கிளையிலேயே சிறுதொட்டில் கட்டிக் காரணத்தை மறக்கிறோம். இதைச் சொன்னவுடன் அம்மரத்தைச் சுற்றும் பெண்களை நான் நகைக்கிறேன் என்று எண்ணிவிடாதீர்கள். பகவன் ஞானம் பெறுமுன் உண்ட பால்சோறு சுசாதை அளித்தது. நல்ல கணவனும் தலைமகனும் வாய்த்தால் படைப்பேன் என்று ஆலமரத்துத் தேவதைக்கு நேர்ந்துகொண்டு, அது நிறைவேறியதும் கொண்டுவந்த சோறு அது. பிள்ளை வேண்டி ஏங்கிய ஒரு பெண்ணின் நேர்ச்சையை அவர் இகழாமல் ஏற்றார். அந்த ஏக்கத்தை இகழ நமக்கு என்ன உரிமை?

நிற்க. காரணத்தை ஆராய்தல் என்றால் என்ன என்பதைச் சற்று விரித்துரைப்பேன். நான் டாக்டர் அல்லன். ஆனால் கேட்டும் படித்தும், பட்டும் தெரிந்துகொண்டவன்.

முதலாவது, காலம். ஒவ்வொரு மாதமும் ஒரு கருமுட்டை வெளிப்படுகிறது; அதன் ஆயுள் ஒரு நாளுக்கு மேல் இல்லை. ஆணின் உயிரணு பெண்ணின் உடலில் ஐந்து நாள் வரை வாழக்கூடும். ஆகவே மாதத்தில் ஏறத்தாழ ஆறு நாட்களே கருவுறத்தக்க நாட்கள். குறையொன்றும் இல்லாத தம்பதிகளுக்கும் முதல் மாதத்திலேயே கரு தங்கிவிடுவதில்லை. இளம் தம்பதிகள் நூறு பேரில் 80க்கு மேற்பட்டோர் ஓராண்டுக்குள் கருவுறுகின்றனர். எஞ்சியோரில் ஏறக்குறைய பாதிப்பேர் அடுத்த ஆண்டில். ஆகையால் திருமணமான மூன்றாம் மாதமே "விசேஷம் உண்டா?" என்று கேட்பது கொடுமை. ஓராண்டு முயன்றும் கரு தங்கவில்லையாயின் டாக்டரிடம் செல்க. பெண்ணுக்கு 35 வயது கடந்திருந்தால் ஆறு மாதமே கெடு. 40 கடந்திருந்தால் காத்திருக்கவே வேண்டாம். மாதவிலக்கு ஒழுங்கின்றி வருவோரும், வயிற்றில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டோரும் முன்னதாகவே செல்லவேண்டும். உலகில் ஆறு பேரில் ஒருவர் வாழ்நாளில் ஒருமுறையேனும் இத்துன்பத்தைக் காண்கின்றனர் என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் அறிவித்தது. ஆறில் ஒருவர் என்றால், நம் வந்தனைக் கூடத்தில் அமர்ந்திருப்போரில் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். அத்தனை பேரும் பாவிகளோ?

இரண்டாவது, யாரை ஆராய்வது என்பது. மஜ்ஜிம நிகாயத்தில் பகவன் கருவுறுதலுக்கு மூன்றின் கூட்டம் வேண்டும் என்கிறார்: தாயும் தந்தையும் கூடுதல், தாய்க்கு ஏற்ற பருவம், பிறக்கவேண்டிய உயிரின் வரவு. முதல் நிபந்தனையிலேயே இருவர் உளர் என்பதைக் கவனியுங்கள். இக்கால மருத்துவமும், கரு தாமதிக்கும் தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப்பேரிடத்தில் ஆணிடமும் குறை காணப்படுகிறது என்கிறது. ஆயினும் "மலடி" என்ற சொல் தெருவெங்கும் கேட்கிறது. "மலடன்" என்ற சொல் அகராதியில் உண்டு, தெருவில் இல்லை.

ஆணைச் சோதிப்பது மிக எளிது. இரண்டு முதல் ஏழு நாள் வரை உறவின்றி இருந்து, ஒரு சிறு கிண்ணத்தில் விந்தைப் பிடித்துக் கொடுத்தல், அவ்வளவே. வலி இல்லை, ஊசி இல்லை, மயக்கமருந்து இல்லை. ஒரு மில்லி லிட்டரில் எத்தனை உயிரணுக்கள், அவற்றில் எத்தனை நீந்துகின்றன, வடிவம் எவ்வாறு என்று பார்க்கின்றனர். 2021இல் வெளியான உலக சுகாதார நிறுவனக் கையேட்டின்படி 1 கோடியே 60 இலட்சம் என்பது கீழெல்லை. அதற்குக் குறைந்தால் கருவே தங்காது என்பதன்று. வாய்ப்புக் குறைவு என்பதே பொருள். உயிரணு உருவாகி முதிர இரண்டரை மாதம் முதல் மூன்று மாதம் செல்கிறது. ஆகவே ஒருமுறை குறைவாக வந்தால் மூன்று மாதம் கழித்து மீண்டும் பார்ப்பர்; இடையில் வந்த கடுங்காய்ச்சல்கூட எண்ணிக்கையைக் குறைத்துவிடும். புகையிலை, மது, உடற்பயிற்சிக் கூடங்களில் இளைஞர் போட்டுக்கொள்ளும் ஹார்மோன் ஊசி, விரைக்குச் செல்லும் இரத்தக் குழாய்கள் புடைத்தல், பருவமடைந்தபின் பொன்னுக்கு வீங்கி கண்டு விரை வீங்குதல் ஆகியன பொதுவான காரணங்கள்.

பெண்ணின் சோதனைகளோ படிப்படியானவை. கருமுட்டை வெளிப்படுகிறதா என அறிய இரத்தச் சோதனை, தைராய்டு, சினைப்பையில் கட்டிகள் உளவா என்று காண ஸ்கேன், பிறகு கருக்குழாய் திறந்திருக்கிறதா என்று காண மருந்து செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரே. இந்தக் கடைசிச் சோதனை பலருக்குக் கடுமையாக வலிக்கும். நம் நாட்டில் கருக்குழாய் அடைபடுவதற்கு ஒரு முக்கிய காரணம் காசநோய் என்பதை நெருக்கமான வீடுகளில் வாழும் நம்மவர் அறிந்திருத்தல் வேண்டும். இருமலே இல்லாமல் அந்நோய் கருப்பையிலும் குழாயிலும் மறைந்திருக்கக்கூடும். அதற்கு அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம். முறைதவறிய மாதவிலக்கால் துன்புறுவோர் பலருக்கு லெட்ரோசோல் போன்ற மாத்திரைகளே போதுமானவையாகின்றன. எல்லாரும் சோதனைக்குழாய் வரை செல்லவேண்டுவதில்லை.

எளிய சோதனையை முதலில் செய்வதா, கடிய சோதனையை முதலில் செய்வதா? சிறு பிள்ளையும் விடை சொல்லும். அவ்வாறிருந்தும் வீடுதோறும் நடப்பது யாது? பெண்ணை மூன்று டாக்டர்களிடம் காட்டிய பிறகும் ஆணின் கிண்ணம் நிரம்பாமல் இருக்கிறது. இதனை நான் அயலார் வீட்டுக் கதையாகச் சொல்லவில்லை.

எனக்கு 1994இல் திருமணம் நடந்தது. பெங்களூரில் ஒரு பஞ்சாலையில் பாவுக்குக் கஞ்சி போடும் பகுதியில் எனக்கு வேலை. இரண்டாம் ஆண்டில் என் தாயார் பேசத் தொடங்கினார்; நான் பேசாமல் இருந்தேன். பேசாமல் இருந்ததையே என் நல்ல குணம் என்று எண்ணிக்கொண்டேன். மனைவி தன் தாயை அழைத்துக்கொண்டு டாக்டரிடம் சென்றாள். இரத்தம் எடுத்தனர். குழாய்ச் சோதனை செய்தனர். அன்று மாலை நான் வேலை முடிந்து வந்தபோது சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். அடுத்த ஆண்டு கருப்பையைச் சுரண்டி எடுத்துப் பார்த்தனர். எங்கும் குறை காணப்படவில்லை. அந்த டாக்டர் எனக்கென்று ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தனுப்பினார். என் மனைவி அதனை என் தட்டருகே வைத்து, "உங்களையும் ஒருமுறை பார்க்கவேண்டும் என்கிறார்கள்" என்றாள். நான் அச்சீட்டை மடித்து, சேமநிதிக் காகிதங்கள் வைக்கும் தகரப் பெட்டியில் போட்டேன். ஐந்து ஆண்டுகள் அது அங்கேயே கிடந்தது.

ஏன்? அஞ்சினேன் என்பதே உண்மை. குறை என்னிடம் இருந்தால் ஆலையில் தெரிந்துவிடுமோ, தம்பிமார் நகைப்பரோ, ஆண்மைக்கு இழுக்கோ என்று. விந்தின் அளவுக்கும் ஆண்மைக்கும் தொடர்பில்லை என்பதை அன்று நான் அறியேன். அறிந்துகொள்ள முயலவும் இல்லை. இதில் வெட்கத்துக்குரியது எதுவெனின், அதே ஐந்து ஆண்டுகளில் நான் ஆலை வாயிற் கூட்டங்களில் கர்மக் கொள்கையைக் கண்டித்துப் பேசிக்கொண்டிருந்தேன். காரணத்தைக் கேள், காரணத்தைக் கேள் என்று ஊருக்கு உரைத்தவன் வீட்டில் காரணம் பெட்டிக்குள் கிடந்தது.

2002இல் என் தம்பி மகளைத் தொட்டிலில் இடும் நாளன்று, பிள்ளையை வாங்க என் மனைவி கை நீட்டினாள். என் தாயார் குறுக்கே வந்து, "நீ போய் வந்தவர்களுக்கு இலை போடு" என்றார். அவள் ஒரு சொல்லும் சொல்லாமல் சென்று இலை போட்டாள். பந்தியில் அமர்ந்திருந்த எனக்கும் ஓர் இலை போட்டாள். அன்றிரவு பெட்டியைத் திறந்தேன்.

என் கணக்கு 20 இலட்சத்தையும் எட்டவில்லை. மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோதும் அதே. ஆலையின் வெப்பத்தைப் பற்றியும் புகையிலையைப் பற்றியும் கேட்ட டாக்டர், "வயது வந்தபின் பொன்னுக்கு வீங்கி வந்ததா?" என்று கேட்டார். இருபதாம் வயதில் வந்தது. பத்து நாள் நடக்கமுடியாமல் கிடந்தேன். எட்டு ஆண்டுகள் என் மனைவியின் முற்பிறவியில் தேடப்பட்ட பாவம், என் இருபதாம் வயதுக் காய்ச்சலாக இருந்தது. வெளியே வந்து மரத்தடியில் நின்று அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் உடனே மன்னிக்கவில்லை. மன்னிக்கக் கடமைப்பட்டவளும் அல்லள்.

வீட்டுக்குச் சென்று தாயாரிடம் நானே சொன்னேன். அதைச் செய்தது ஒன்றே அவ்வெட்டு ஆண்டுகளில் நான் செய்த நேர்மையான காரியம். அவர் நெடுநேரம் பேசவில்லை, பிறகு "என்னிடம் ஏன் முன்பே சொல்லவில்லை?" என்று என்னைக் கேட்டார், அவளையன்று.

தம்மபதத்தின் ஐந்தாம் பாட்டுக்கு உரைகாரர் கூறும் காளி யக்கினியின் கதை நீங்கள் அறிந்ததே. மகப்பேறில்லாத மனைவியைக் காட்டி, வேறொருத்தியைக் கொண்டுவருவேன் என்று மாமியார் சொல்லிச் சொல்லி வருத்துகிறாள். எவளோ வந்து தன்னை வேலைக்காரியாக்கி விடுவாளோ என்று அஞ்சிய மனைவி, தானே ஒருத்தியைத் தேடிக் கொண்டுவருகிறாள். அவள் கருவுற்றதும் பொறாமையால் மருந்து கொடுத்துக் கருவைக் கலைக்கிறாள். அப்பகை பிறவிதோறும் தொடர்கிறது. அக்கதையைச் சொல்வோர் அவள் பொறாமையையே எடுத்துரைப்பர். நான் இப்பொழுதெல்லாம் அந்த அச்சம் எங்கிருந்து தொடங்கியது என்று கேட்கிறேன். அக்கதையில் கணவனிடம் குறையில்லை. அவன் வேண்டாம் என்று மறுத்தும் தாய் விடவில்லை. இரண்டாம் மணம் என்று இன்றும் பேசுவோர் உளர். 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டம் பௌத்தராகிய நம்மையும் கட்டுப்படுத்துவது. மனைவி இருக்க மறுமணம் குற்றம். மகப்பேறின்மை அச்சட்டப்படி மணமுறிவுக்குக் காரணமும் ஆகாது.

இனி, மருத்துவத்தால் பிள்ளை பெறுவது இயற்கைக்கு மாறானது, தம்மத்துக்கு ஒவ்வாதது என்போருக்கு ஒரு சொல். இந்தியாவின் முதற் சோதனைக்குழாய்க் குழந்தை 1978 அக்டோபர் 3இல் கல்கத்தாவில் பிறந்தது. உலகின் முதற் குழந்தை இங்கிலாந்தில் பிறந்து 70 நாட்களே ஆகியிருந்தன. அதனைச் சாதித்த டாக்டர் சுபாஷ் முகோபாத்யாய் நம்பப்படவில்லை. விசாரணைக் குழுவால் அவமதிக்கப்பட்டார். 1981இல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். 1986இல் பம்பாயில் பிறந்த குழந்தையே இந்தியாவின் முதல் எனப் பதிவாயிற்று. அக்குழந்தையின் பிறப்புக்கு உழைத்த விஞ்ஞானிகளில் ஒருவரான டி. சி. ஆனந்தகுமார், பின்னர் சுபாஷின் கையேடுகளைப் படித்துப் பார்த்து, முதன்மை தமக்குரியதன்று, அவருக்குரியது என்று 1997இல் வெளிப்படையாக அறிவித்தார். தமக்குக் கிடைத்த பெயரை உண்மையின் பொருட்டுத் தாமே இறக்கிவைத்தார். பிறர் துயர் நீக்க உழைத்தவரைத் தூற்றியதும், தன் பெருமையைத் துறந்து உண்மை சொன்னதும் ஆகிய இரண்டில் எது தம்மத்துக்கு அணித்து?

ஆயினும் எம்முறையும் கேள்வியின்றி ஏற்கத்தக்கது என்று நான் சொல்லேன். சோதனைக்குழாய் முறையில் கருக்கள் மிகுதியாக உண்டாக்கப்பட்டுச் சில எஞ்சிநிற்பதுண்டு. கண்ணாடித் தட்டிலுள்ள கருவுக்கு முதற்சீலம் எவ்வளவு பொருந்தும் என்பதில் பிக்குகளிடையே ஒருமித்த கருத்தில்லை. என் எண்ணம், பயன்படுத்தும் அளவுக்கே கருக்களை உண்டாக்க முடியுமா என்று முன்னதாகவே டாக்டரைக் கேட்கவேண்டும் என்பது. கேட்கும் உரிமை நமக்குண்டு. ஆண் கருவையே தேர்ந்து வைக்கச் சொல்வது 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அதைப் பற்றி இதற்கு மேல் பேசவும் வேண்டா.

பேசவேண்டியது பிறருடைய கருமுட்டை பற்றி. 2022இல் ஈரோட்டில் 16 வயதுச் சிறுமி ஒருத்தியைப் போலி ஆதார் அட்டை காட்டி வயது வந்தவளாக்கி, பலமுறை கருமுட்டை எடுத்து விற்ற செய்தி வெளியானபோது, என்னால் அன்றைய உரையை நிகழ்த்த இயலவில்லை. பெற்ற தாயே கைதானாள். 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி 23 முதல் 35 வயதுக்குட்பட்ட பெண்ணே, அதுவும் வாழ்நாளில் ஒரே முறை, கருமுட்டை கொடுக்கலாம். ஏழு முட்டைகளுக்கு மேல் எடுத்தலாகாது. விலைக்கு வாங்கும் வீடு ஒன்று உண்டென்றால், விற்கும் வீடு எது? பெரும்பாலும் நம்மைப் போன்றோர் வீடே. கொடையாக வரும் முட்டையைப் பெறுவோர், கொடுத்தவள் யார் என்று அறியமுடியாது. எனினும் அவளுடைய வயதும் ஒப்புதலும் சட்டப்படி உறுதிசெய்யப்பட்டனவா என்று கேட்காமல் கையெழுத்திடுவது நமக்குத் தகாது.

எங்கள் கதையை முடித்துவிடுகிறேன். என்னைப் போன்றோருக்கு ஒரே உயிரணுவை ஊசியால் கருமுட்டைக்குள் செலுத்தும் முறை 1992 முதல் உலகில் நடைமுறைக்கு வந்திருந்தது. முதலாண்டுகளில் சென்றிருந்தால் சம்பளம் இருந்தது. நாங்கள் சென்றபோது ஆலை மூடும் நிலையில் இருந்தது. கணக்குத் தீர்த்துக் கொடுத்த பணத்தில் 1,10,000 ரூபாயை அதற்கென ஒதுக்கினோம். செல்லுமுன் என் மனைவி ஒரு நிபந்தனை விதித்தாள்: ஒருமுறை மட்டும், கடன் வாங்கலாகாது, பலிக்காவிட்டால் மறுபடி அப்பேச்சை எடுக்கலாகாது. நாள்தோறும் ஊசி. பதினான்காம் நாள் சோதனையில் இல்லை என்று வந்தது. ஒரு முறைக்கு என்று எண்ணினால் பெரும்பாலான முயற்சிகள் குழந்தையில் முடிவதில்லை என்பதை அவ்விடத்தில் எங்களுக்கு ஒருவரும் எடுத்துச் சொல்லவில்லை. அடுத்த முறைக்கான கட்டணத்தை மட்டும் சொன்னார்கள். எனக்கோ அடுத்த முறை பலிக்கும் என்று தோன்றியது. குற்றத்தைக் கழுவிவிட வேண்டும் என்ற ஆசையைப் பிள்ளை வேண்டும் என்ற ஆசையாக எண்ணி, அவள் அண்ணனிடம் கடன் கேட்கலாமா என்றேன். "வேண்டாம். ஊசி குத்திய இடம் முதலில் ஆறட்டும்" என்றாள்.

எங்கே நிறுத்துவது என்பதை உள்ளே நுழையுமுன்னே இருவரும் பேசி வைத்துக்கொள்ளவேண்டும் என்று நான் இளைஞர்க்குச் சொல்வது அவளிடம் கற்றது. உள்ளே சென்றபின் அறிவு சொல்லாது, வேட்கைதான் சொல்லும். தத்தெடுக்கும் வழியும் உண்டு. 1956ஆம் ஆண்டுத் தத்துச் சட்டம் பௌத்தர்க்கும் உரியது. மத்திய ஆணையத்தில் பதிவு செய்து ஆண்டுக்கணக்கில் காத்திருக்கவேண்டும் என்பதால் அதனையும் காலத்தோடு எண்ணிப் பார்க்கவேண்டும். நாங்கள் தத்தெடுக்கவில்லை. தம்பி மகள் எங்கள் வீட்டில் இருந்தே படித்தாள், அவ்வளவே. பெயர்சூட்டு விழாக்களில் பிள்ளைகளை என் மடியில் இடும்போது இன்றும் என் மனைவி என்னைப் பாராமல் வேறெங்கோ பார்ப்பாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். அம்மையாரிடம், "நூல் கட்டுகிறேன் அம்மா, இருவர் கையிலும் கட்டவேண்டும், உங்கள் மகனை உள்ளே அழையுங்கள்" என்றேன். அவர் வந்தார், தயங்கிக் கை நீட்டினார். நூலைக் கட்டிக்கொண்டே, முதற் சோதனை யாருக்கு, ஏன் என்பதைத் தாழ்ந்த குரலில் அவருக்கு மட்டும் சொன்னேன். முகம் சிவந்து போய்விட்டார். இனி வரமாட்டார் என்றே எண்ணினேன்.

பத்து நாள் கழித்து என் வீட்டுக்குத் தனியே வந்தார். "ஐயா, அந்தச் சோதனைக்கு எங்கே போகவேண்டும்?" என்று கேட்டார். உள்ளேயிருந்து என் மனைவி காபி கொண்டுவந்து வைத்தாள். மறுநாள் காலை அரசு மருத்துவமனைக்கு அவருடன் நானும் சென்றேன். கிண்ணத்தைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு, வரிசையில் எனக்குப் பின்னால் ஒளிவது போல் நின்றார். அவ்வரிசையில் அவரையொத்த இளைஞர் வேறு நால்வர் நின்றனர், ஒருவரையொருவர் பார்க்கவில்லை. அறிக்கை இரண்டு நாளில் கிடைக்கும் என்றனர். வெளியே வந்து தேநீர் அருந்தும்போது, அம்மாவிடம் இதைச் சொல்லவேண்டுமா என்று கேட்டார்.

"முதலில் உங்கள் மனைவியிடம் சொல்லுங்கள் தம்பி" என்றேன்.